ஹாலிவுட் படங்களின் பழைய இத்தாலிய போஸ்டர்: அசலைக் கண்டறிவது முதல் ஃபிரேம் போடுவது வரை

புதிதாக வாங்க வருபவர்கள் முதலில் ஓவியத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து விலையைக் கேட்கிறார்கள். பணம் போவது பெரும்பாலும் இந்த வரிசையால்தான். ஓவியம் என்பது ஒரு நல்ல ஸ்கேன் இருந்தால் யாரும் அச்சடித்துவிடக்கூடியது. தாளின் அளவு, அடி ஓரத்துச் சிறு எழுத்து, மை உட்கார்ந்திருக்கும் விதம், மடிப்பு இவற்றைப் போலி செய்வது கடினம். ஆகவே கீழே உள்ள வரிசையில் ஓவியரின் பெயர் ஏழாவது படியில்தான் வருகிறது. படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் விடையை நம்பித்தான் நிற்கிறது.

இங்கே பேசப்படுவது 1930களிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரையிலான அமெரிக்கப் படங்களுக்கு இத்தாலியில் வரைந்து, இத்தாலியிலேயே அச்சான போஸ்டர்கள் மட்டும்.

1. கையில் இருக்க வேண்டியவை

சென்டிமீட்டர் குறியுள்ள மூன்று மீட்டர் டேப். 10 மடங்கு பெருக்கும் லென்ஸ். நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பதே போதும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். சாதாரண எல்இடி டார்ச் ஒன்று. மேக்ரோ எடுக்கும் கேமரா அல்லது செல்போன்.

மேசை முக்கியம். குவாத்ரோ ஃபோல்யி என்ற பெரிய அளவுக்கு 150 × 210 செ.மீ. சமதளம் தேவை. அது இல்லையென்றால் சுத்தமான தரையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். கட்டில் வேண்டாம். மெத்தை அமுங்கும்போது மடிப்புச் சந்திப்புகள் கிழியும்.

கையுறை தேவையில்லை. பருத்திக் கையுறையின் நூல் கிழிசல் ஓரத்தில் மாட்டி இழுக்கும், விரலுக்குத் தாளின் உணர்வும் தெரியாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும்.

2. இத்தாலியப் பெயரும் அங்கே வெளியான ஆண்டும்

போஸ்டரைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இத்தாலியில் படத்தின் பெயரை அப்படியே வைப்பது அபூர்வம். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அங்கே ‘லா தொன்னா கே விஸ்ஸே தூவே வோல்தே’, அதாவது இருமுறை வாழ்ந்த பெண். ‘ஸ்டேஜ்கோச்’ அங்கே ‘ஓம்ப்ரே ரொஸ்ஸே’, சிவப்பு நிழல்கள். ஆங்கிலப் பெயரில் மட்டும் தேடினால் பாதி போஸ்டர்கள் கண்ணில் படாது.

அடுத்தது ஆண்டு. அமெரிக்காவில் வெளியான ஆண்டும் இத்தாலியில் வெளியான ஆண்டும் பல நேரம் ஒன்றல்ல. 1938இல் ஃபாசிச அரசு வெளிநாட்டுப் பட இறக்குமதியை ஒரே நிறுவனத்தின் கையில் கொடுத்தது. எம்ஜிஎம், ஃபாக்ஸ், பாரமவுண்ட், வார்னர் ஆகிய நான்கும் 1939 தொடக்கத்தில் இத்தாலியச் சந்தையை விட்டு வெளியேறின. பிறகு போர். இந்த நிறுவனங்களின் அந்த ஆண்டுகளின் படங்கள் போர் முடிந்த பிறகுதான் மொத்தமாக அங்கே வந்து இறங்கின.

‘காசாபிளாங்கா’ 1942 படம்; அதன் இத்தாலிய போஸ்டர் 1946. லூயிஜி மார்டினாட்டி தீட்டிய அந்தப் பெரிய போஸ்டரின் ஒரு பிரதியை ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம் 2017இல் 4,78,000 டாலருக்கு விற்றது. யாராவது ‘1942ஆம் ஆண்டு இத்தாலிய காசாபிளாங்கா போஸ்டர்’ என்று எழுதி விற்றால், பொய் சொல்கிறார் என்று இல்லை. அவருக்கே தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும் விலை பேசும் முன் நிதானியுங்கள்.

ஆண்டைச் சரிபார்க்க நல்ல வழி தணிக்கைப் பதிவு. இத்தாலியில் ஒவ்வொரு படத்துக்கும் ‘விஸ்தோ’ என்ற தணிக்கை அனுமதி எண்ணும் தேதியும் உண்டு. 1944க்குப் பிந்தையவற்றை ‘இத்தாலியா தாலியா’ என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடலாம். பொலோன்யா திரைப்படக் காப்பகம் பங்கெடுத்து உருவாக்கியது அது. ஒரே படத்துக்கு இரண்டாவது, மூன்றாவது அனுமதித் தேதி இருந்தால் மறுவெளியீடு நடந்திருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் அது தேவைப்படும்.

3. டேப்பை எடுங்கள்

அளவுகள் குறைவுதான், மனப்பாடம் ஆகிவிடும்:

- லொகாந்தீனா: சுமார் 33 × 70 செ.மீ. நெட்டையான சிறு போஸ்டர்; கடை ஜன்னலிலும் மதுக்கடைச் சுவரிலும் மாட்டியது.
- ஃபோட்டோபூஸ்தா: சுமார் 50 × 70 செ.மீ., பெரும்பாலும் படுக்கை வாட்டம். படக்காட்சிப் புகைப்படமும் ஓவியமும் கலந்திருக்கும். செட்டாக வந்தவை.
- ஊன் ஃபோல்யோ, அதாவது ஒரு தாள்: சுமார் 70 × 100 செ.மீ.
- தூவே ஃபோல்யி, இரண்டு தாள்: சுமார் 100 × 140 செ.மீ.
- குவாத்ரோ ஃபோல்யி, நான்கு தாள்: சுமார் 140 × 200 செ.மீ.

பெயரைக் கேட்டுத் தடுமாறுவது சகஜம். ‘நான்கு தாள்’ என்பது நான்கு துண்டு அல்ல. அது அடிப்படைத் தாள் அளவின் நான்கு மடங்கு. வழக்கமாக 100 × 140 தாள் இரண்டை மேலும் கீழுமாக ஒட்டி ஒரே போஸ்டராக ஆக்குவார்கள். ‘இரண்டு துண்டாக இருக்கிறது, கிழிந்துவிட்டதோ’ என்று நல்ல போஸ்டரைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

இந்த இரட்டைத் தாளில் ஒரு சிக்கல். மேல் பாதி ஒரு பிரதியிலிருந்தும் கீழ்ப் பாதி இன்னொரு பிரதியிலிருந்தும் வந்திருக்கலாம். அசல்தான், ஆனால் ஜோடி வேறு. சேரும் இடத்தில் நிறம் வெளுத்த அளவைப் பாருங்கள். மேல் பாதியின் சிவப்பு ஆரஞ்சாகி, கீழ்ப் பாதியின் சிவப்பு பளிச்சென்று இருந்தால் ஜோடி மாறியிருக்கிறது. இதற்கு விலை குறைய வேண்டும்.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. ஓரம் வெட்டினால் அடி எழுத்தும் போய்விடும், அதுதான் பெரிய இழப்பு. போஸ்டர் 61 × 91 செ.மீ. இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம். அது இன்றைய கடை அளவு. 70 × 100 தொல்லை பிடித்தது. பழைய ஒரு தாள் அளவும் அதுதான், இன்றைய நகல் போஸ்டர் அளவும் அதுதான். அந்த அளவில் எதைப் பார்த்தாலும் ஐந்தாம் படியைக் கட்டாயம் செய்யுங்கள்.

4. அடி ஓரத்தைப் படியுங்கள்

கீழ் ஓரத்திலோ பக்க ஓரத்திலோ எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி இருக்கும். அச்சகத்தின் பெயர், ஊர், சிலவற்றில் ஆண்டு, சிலவற்றில் முத்திரை வரி பற்றிய குறிப்பு. ரோமின் வெக்கியோனி அண்ட் குவாதாஞோ, ரோட்டோபிரெஸ், போலிக்ரோம், ஃபுளோரன்ஸின் சின்கோகிராஃபிகா போன்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். பெயர் இருக்கிறது என்பதே சான்றாகாது, நகலிலும் அது சேர்ந்தே அச்சாகும். ஆனால் அந்த எழுத்தின் கூர்மைதான் அடுத்த படியில் நமக்கு உதவப்போகிறது.

இப்போது விநியோக நிறுவனத்தின் சின்னத்தைப் பாருங்கள். மறுவெளியீட்டைப் பிடித்துக் கொடுப்பது இதுதான். பாரமவுண்ட், யுனிவர்சல் படங்களை வெளிநாடுகளில் விநியோகிக்க சி.ஐ.சி. என்ற கூட்டு நிறுவனம் தொடங்கியது 1970இல். 1950களின் பாரமவுண்ட் படத்துக்கான போஸ்டரில் சி.ஐ.சி. சின்னம் இருந்தால் ஓவியம் அதே பழைய ஓவியமாக இருந்தாலும் தாள் 1970க்குப் பிந்தையது. ‘ரீஎடிட்ஸியோனே’, ‘நுவோவா எடிட்ஸியோனே’ என்று அச்சாகியிருந்தால் வெளிப்படையாகவே மறுவெளியீடு என்று சொல்லிவிட்டார்கள். அப்படி எதுவும் இல்லாததை முதல் வெளியீடு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எழுதாமல் விட்டவையும் உண்டு, ஆகவே சின்னத்தையும் தணிக்கைத் தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

மறுவெளியீடு என்றால் குப்பை என்று பொருளல்ல. சில மறுவெளியீடுகளுக்குப் புதிய ஓவியம் வரையச் சொன்னார்கள். அதில் சில முதல் வெளியீட்டைவிட நன்றாகவே இருக்கின்றன. ஆனால் முதல் வெளியீட்டின் விலையைக் கொடுக்காதீர்கள்.

5. லென்ஸ்: நேரத்தைச் செலவிட வேண்டிய இடம்

மற்றப் படிகளுக்கு ஐந்து நிமிடம் என்றால் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அந்தக் காலத்தில் ஓவியர் கொடுத்தது ‘பொட்ஸெத்தோ’ என்ற சிறிய மூல ஓவியம். அச்சகத்தில் ‘குரோமிஸ்தா’ என்ற கைவினைஞர் அதை நிறம் நிறமாகப் பிரித்து, கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ கையாலேயே வரைவார். கருப்பு ஒரு தகடு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, சதை நிறம் ஒன்று என்று ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகும். 1950கள் போகப் போக, புகைப்பட முறையில் தகடு செய்து அச்சடிக்கும் ஆப்செட் அந்த இடத்தைப் பிடித்தது. ஆகவே லென்ஸில் நீங்கள் பார்க்கக்கூடியது மூன்று வகை.

முதல் வகை, கை லித்தோ, அதாவது குரோமிஸ்தா கையால் வரைந்த கல்லிலோ தகட்டிலோ இருந்து அச்சானது. கதாநாயகியின் கன்னத்தில் லென்ஸை வையுங்கள். சொரசொரப்பான சுவரில் கிரையான் தேய்த்ததுபோல ஒழுங்கற்ற துகள்கள் தெரியும். பெரிதும் சிறிதுமாக, சில இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, சில இடத்தில் சிதறி. இளஞ்சிவப்புக்கு மேல் பழுப்பு, அதற்கு மேல் நீலம் என்று அடுக்கு அடுக்காக மை கிடக்கும். ஒரு அடுக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் உதட்டு ஓரத்தில் ஒரு நிறக் கோடு பிதுங்கும். அது குறையல்ல, நல்ல அறிகுறி.

இரண்டாம் வகை, ஆப்செட். புள்ளிக்கோலத்தின் புள்ளிகள்போல வரிசை பிசகாமல் நிற்கும். நான்கு நிறப் புள்ளிகள் சேர்ந்து சின்னச் சின்னப் பூப்போலத் தெரியும். 1950களின் பிற்பகுதிக்குப் பிறகான அசலிலும் இது இருக்கலாம். ஃபோட்டோபூஸ்தாவிலும் லொகாந்தீனாவிலும் புகைப்படம் வருமிடமெல்லாம் புள்ளி இருந்தே தீரும். ‘புள்ளி இருக்கிறது, ஆகவே போலி’ என்று முடிவுகட்டுவதுதான் இந்தப் படியில் எல்லோரும் செய்யும் தவறு.

மூன்றாம் வகை, இங்க்ஜெட். பவுடர் தூவியதுபோல மிக நுண்ணிய நிறத் துளிகள், எந்த வரிசையும் இல்லாமல். கிரையான் துகளோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். வேறுபாடு நிறத்தில். கை லித்தோவில் சதை நிறம் என்பது சதை நிற மையே. இங்க்ஜெட்டில் சதை நிறத்துக்குள் நீலத்துளி, மஞ்சள் துளி, கருஞ்சிவப்புத் துளி தனித்தனியாகக் கிடக்கும்.

இந்த மூன்றில் எது என்று தெரிந்த பிறகு, இறுதிச் சோதனை. லென்ஸை முகத்திலிருந்து எடுத்து அடி ஓரத்தின் சிறு எழுத்தில் வையுங்கள். அசலில் அந்தக் கறுப்பு எழுத்து இடைவெளியில்லாத மையாக, கெட்டியாக, ஓரம் கூராக இருக்கும். எழுத்து தனியாகக் கோக்கப்பட்டுத் தகட்டில் ஏறியது, அதற்குப் புள்ளி தேவையே இல்லை. நகல் என்பது முழு போஸ்டரையும் ஒரு புகைப்படமாக எடுத்து அச்சடித்தது. அதில் எழுத்தும் படத்தின் ஒரு பகுதிதான். ஆகவே அச்சகப் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் புள்ளிகளாக உடைந்து, ஓரம் மயிர் விட்டதுபோல நிற்கும். முகத்தில் சந்தேகம் இருந்தாலும் இந்த இடத்தில் விடை கிடைத்துவிடும். ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள்.

6. மடிப்பு, தாள், பின்பக்கம்

போஸ்டர்கள் அச்சகத்திலிருந்து மடித்துத்தான் போயின. அறை விளக்கை அணைத்து, எல்இடி டார்ச்சைத் தாளின் ஓரத்தில் கிடையாகப் பிடியுங்கள். உண்மையான மடிப்பு மேடும் பள்ளமுமாக நிழல் விழும். மடிப்புக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் விரலுக்குத் தட்டுப்படவில்லை, நிழலும் விழவில்லை என்றால் மடித்த போஸ்டரை ஸ்கேன் செய்து மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். துணியில் ஒட்டிய போஸ்டரில் மடிப்பு தட்டையாகிவிடும் என்பதால் அங்கே இது தனித்துச் சான்றாகாது.

அடுத்து புற ஊதா டார்ச். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் காகிதத் தொழிலுக்குப் பரவலாக வந்தது 1950களில்தான். 1946 போஸ்டர் என்று சொல்லப்படும் தாள் இருட்டில் நீலவெள்ளையாகப் பளபளத்தால் நம்பாதீர்கள். அதே வெளிச்சத்தில் பின்னாளில் பூசிய வண்ணமும் வேறு நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். முகத்திலும் தலைப்பு எழுத்திலும் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் இருந்தால் பெரிய விஷயமில்லை. பின்னால் ஒட்டிய புதுத் துணி பளபளக்கும். அதைப் போஸ்டரோடு குழப்ப வேண்டாம்.

சில போஸ்டர்களில் நகராட்சி முத்திரையோ லீரா மதிப்புள்ள வரி வில்லையோ இருக்கும். சுவரில் ஒட்ட வரி கட்டியதற்கான அடையாளம் அது. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டுபவர்கள் இருக்கிறார்கள். வில்லையோடு மையும் உரிந்து வரும், ஒரு நல்ல சான்றும் போகும். அப்படியே விடுங்கள்.

7. இப்போது ஓவியர்

கையெழுத்து ஓவியத்துக்குள்ளேயே அச்சாகியிருக்கும். கீழ் மூலைகளில் தேடுங்கள். சில நேரம் உடையின் மடிப்பில் ஒளிந்திருக்கும். அன்செல்மோ பாலெஸ்டர் கொலம்பியா படங்களுக்கும் மார்டினாட்டி வார்னர் படங்களுக்கும் நிறைய வரைந்தார்கள். இவர்கள் இருவரும் அல்ஃப்ரெடோ கபிடானியும் போருக்குப் பின் மூவரின் முதல் எழுத்தைச் சேர்த்து பி.சி.எம். என்ற பெயரில் கூட்டாக இயங்கினார்கள். எர்கோலே பிரினி நீர்வண்ணம்போலக் கரைந்து ஓடும் நிறத்துக்கு அறியப்பட்டவர். ஆஞ்செலோ செஸ்ஸெலோன் தாளை நிறைக்கும் பெரிய முகங்களுக்கு. எம்ஜிஎம் படங்களுக்கு வரைந்த சில்வானோ கம்பேஜி ‘நானோ’ என்று கையெழுத்திடுவார்.

கையெழுத்து இல்லாவிட்டால் ‘இவர் பாணி’ என்ற விற்பனையாளரின் சொல்லுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பேனாவால் போட்ட கையெழுத்தும் தாளின் வயதுக்குச் சான்றல்ல. கம்பேஜி 2018 வரை வாழ்ந்தவர். அவர் உண்மையாகவே கையெழுத்திட்ட தாள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அச்சானதாகவும் இருக்கலாம்.

ஒரே படத்தின் தூவே ஃபோல்யியும் குவாத்ரோ ஃபோல்யியும் பல நேரம் வேறு வேறு ஓவியம், சில நேரம் வேறு வேறு ஓவியர். சிறியதன் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரியதை வாங்கிவிடாதீர்கள். ஒப்பிட நல்ல இடம் திரெவீஸோவில் உள்ள சால்செ தொகுப்பின் இணையப் பட்டியல். நாந்தோ சால்செ 1962இல் இறக்கும்வரை சேர்த்த போஸ்டர்கள் அவை.

8. தொலைவிலிருந்து வாங்கும்போது

ஆறு படங்கள் கேளுங்கள். ஃபிளாஷ் இல்லாமல் முழு முன்பக்கம். முழுப் பின்பக்கம். அடி ஓரம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. லென்ஸ் வழியாகக் கன்னம். லென்ஸ் வழியாக அச்சகப் பெயர். ஒரு மடிப்புச் சந்திப்பு, கிடை வெளிச்சத்தில். துணியில் ஒட்டியதென்றால் பின்பக்கப் படத்துக்குப் பதில், ஒட்டுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். ஓட்டை எவ்வளவு இருந்தது என்று வேறு எப்படியும் தெரியாது. இந்த ஆறில் ஐந்தாவதை மட்டும் அனுப்பாமல் இழுத்தடிக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இத்தாலிக்குள்ளிருந்து வாங்கினால் இன்னொன்றும் உண்டு. அந்நாட்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின் பட்டியலில் அசல் போஸ்டர்களும் இருக்கின்றன. 2017 திருத்தத்தின்படி, ஓவியர் உயிருடன் இல்லாமல், பொருள் 70 ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் வெளியே கொண்டுபோகக் காகிதம் தேவை. மதிப்பு 13,500 யூரோவுக்குள் என்றால் சுய அறிவிப்பு போதும்; மேலே போனால் ஏற்றுமதி அலுவலகத்தின் அனுமதி. இதை விற்பவர்தான் செய்து தர வேண்டும் என்று பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்சல் கிளம்பிய பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

9. பிரிப்பது

பார்சல் வந்ததும் திறந்து, போஸ்டரை மடித்தபடியே ஒரு நாள் அறையில் வையுங்கள். உலர்ந்த தாள் அறையின் ஈரத்துக்குப் பழகாமல் பிரித்தால் மடிப்பில் ‘சடக்’ என்று உடையும்.

பிரிக்கும்போது ஒரு மடிப்பைத் திறந்ததும் அடியில் மெல்லிய அட்டையைச் செருகித் தாங்கிக்கொண்டு அடுத்த மடிப்புக்குப் போங்கள். பெரிய அளவுக்கு இரண்டு ஆள் வேண்டும். மூலையை மடித்து மடித்துத் தாளின் பலத்தைச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தச் சோதனையின் முடிவு ஒரு மூலை இல்லாத போஸ்டர்.

தூசியை அகலமான மென்தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். மடிப்பை எடுக்க இஸ்திரி போடாதீர்கள், சூடு தாளைப் பொரித்துவிடும். பழைய ஒட்டு டேப்பை இழுக்காதீர்கள். அதை நிபுணருக்கு விட்டுவிடுங்கள்.

10. சிறு கிழிசலை நீங்களே ஒட்டுவது

ஐந்து சென்டிமீட்டருக்குள், ஓரத்தில், துண்டு எதுவும் காணாமல் போகாத கிழிசல் என்றால் வீட்டிலேயே செய்யலாம். நம்மூர்ச் சுவரில் ஒட்டும் மைதா பசை இதற்கு ஆகாது. மைதாவில் உள்ள பசைப்புரதம் காய்ந்ததும் கெட்டியாகி மஞ்சளடிக்கும். புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் வாங்குங்கள்.

ஒரு பங்கு ஸ்டார்ச்சை ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மிகச் சிறு தீயில் கைவிடாமல் 20 முதல் 30 நிமிடம் கிண்டுங்கள். பால் வெள்ளை போய்க் கண்ணாடிபோல ஆனதும் இறக்கி, ஆறியபின் சல்லடையில் தேய்த்து வடியுங்கள். தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக நீர் விட்டுக்கொள்ளலாம். குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஒட்டுவதற்கு ஜப்பானிய கோஸோ தாள். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் கையால் கிழியுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் விறைப்பாக நின்று, பின்னாளில் அந்த விளிம்பிலேயே போஸ்டர் மறுபடி உடையும். கிழித்த ஓரத்தின் நார்கள் தாளோடு கலந்துவிடும்.

பட்டையில் பசை தடவி, பின்பக்கத்திலிருந்து ஒட்டி, மேலே ஒட்டாத பாலியஸ்டர் துணி, உறிஞ்சுதாள், கண்ணாடித் துண்டு, அதன்மேல் எடை. பத்து நிமிடத்தில் உறிஞ்சுதாளை மாற்றுங்கள், இரண்டு மணி நேரத்தில் மறுபடி மாற்றுங்கள், பிறகு இரவு முழுக்க விடுங்கள். முதல் மாற்றத்தை மறந்தால் ஈரம் முன்பக்கம் ஏறி, வட்டமாகக் கறை நிற்கும்.

11. துணியில் ஒட்டுவது

லினன் பேக்கிங் என்று சொன்னாலும் இன்று பயன்படுவது பெரும்பாலும் பருத்தி கான்வாஸ். சட்டகத்தில் இழுத்துக் கட்டிய துணி, அதன்மேல் அமிலமற்ற இடைத்தாள், அதன்மேல் போஸ்டர், எல்லாம் நீரில் கரையும் ஸ்டார்ச் பசையால். இதை வீட்டில் செய்யாதீர்கள். ஒட்டுமுன் போஸ்டர் முழுவதும் நனைகிறது. லித்தோ மை எண்ணெய் சார்ந்தது என்பதால் பெரும்பாலும் தாங்கும். ஆனால் வரி முத்திரையின் ஊதா மை, பேனா எழுத்து, சில சிவப்புகள் ஓடிவிடும்.

எல்லாப் போஸ்டருக்கும் இது தேவையும் இல்லை. மடிப்பு மட்டும் உள்ள, கிழியாத தாளை அப்படியே விடுவதுதான் சரி. பின்பக்கம் திறந்திருக்கும் போஸ்டர் தன் அசல்தன்மையைத் தானே காட்டும். மடிப்புச் சந்திப்புகளில் ஓட்டை விழுந்தவை, இரண்டு துண்டாக உள்ள குவாத்ரோ ஃபோல்யி இவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை நான்கு. பசை எது, நீரில் கரையுமா. இடைத்தாள் உண்டா. ஒவ்வொரு நிறத்திலும் முத்திரையிலும் நீர்ச்சொட்டு சோதனை செய்வாரா. வண்ணத் திருத்தம் உதிர்ந்த இடத்தோடு நிற்குமா, அசல் மைமேலும் போகுமா. ‘சூடு வைத்து ஒட்டுவோம், ஒரு மணி நேர வேலை’ என்று பதில் வந்தால் போஸ்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இப்படிச் சூட்டில் ஒட்டும் உலர் ஒட்டு முறையும் லேமினேஷனும் திரும்பிப் போக வழியில்லாதவை.

12. மாட்டுவதும் வைப்பதும்

குவாத்ரோ ஃபோல்யிக்குக் கண்ணாடி வேண்டாம். அதன் பரப்பு 2.8 சதுர மீட்டர், 3 மி.மீ. கண்ணாடி மட்டும் 21 கிலோ வரும். அதே தடிமன் அக்ரிலிக் 10 கிலோ. ஆனால் 3 மி.மீ. அக்ரிலிக் இந்த அளவில் தொய்ந்து வளையும், ஆகவே 4 அல்லது 5 மி.மீ., புற ஊதா தடுக்கும் வகையாக வாங்குங்கள். போஸ்டருக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. இடைவெளிப் பட்டை வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரக்காலத்தில் மை அக்ரிலிக்கோடு போய்விடும். வெளிச்சம் 50 லக்ஸ் போதும். வெயில் விழும் சுவரும் வெளிச்சுவரின் உட்பக்கமும் கூடாது.

மாட்டாதவற்றில், துணியில் ஒட்டியதை 10 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள உருளையில் சுருட்டுங்கள். ஒட்டாததை அமிலமற்ற தாளோடு பாலியஸ்டர் உறையில் மடித்தபடி வைக்கலாம். அடிக்கடி பிரித்து மடிக்காமல் இருந்தால் போதும். பிவிசி உறை வேண்டாம்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரப்பதமானியும் வாங்கிக்கொள்ளுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். 40 முதல் 50 வரை நல்லது. ஸ்டார்ச் பசைக்கு ராமபாணப் பூச்சி தேடி வரும். பாச்சை உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள். அதற்குப் பதில் பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து மூலைகளையும் துணியின் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.